தெரியாதிருந்ததை மறக்காதவர்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் ஆறு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து வெளியிட்டாள். ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் இதையே செய்யப்போவதாகச் சொல்கிறாள். காலமெல்லாம் பாடம் நடத்திய பேராசிரியர்களுக்குச் சேராத கூட்டம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சேருகிறது, இவர்கள் சொல்வதை நம்பலாமா, மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்றும் கேட்டிருக்கிறீர்கள். அறிவியல் எழுத்துகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. காணொளிக்காரர்கள் சிலருடைய எழுத்துப்பிரதிகளும் என் மேசைக்கு வருவதுண்டு. அங்கே பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கூட்டம் எப்படிச் சேருகிறது என்று கேட்டால் பலரும் முகம், குரல், அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். மூன்றும் கொஞ்சம் உண்மைதான். ஆனால் 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த எளிய சோதனை ஒன்று இதைவிட நன்றாக விளக்குகிறது. சிலரிடம் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களைக் கொடுத்து, மெட்டை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் காதில் விழுவதோ வெறும் டக், டக். ஒன்றை அறிந்துவிட்டால், அதை அறியாத நிலை எப்படி இருந்தது என்பதே நமக்கு மறந்துபோகிறது.

பேராசிரியரின் சிக்கல் இதுதான். அவர் முப்பது ஆண்டுகளாக மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார், நாம் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் மகளோ கோண உந்தத்தை, அதாவது சுழலும் பொருளுக்கு உள்ள உந்தத்தை, போன வருடம்தான் புரிந்துகொண்டாள். எந்த இடத்தில் தடுக்கி விழுந்தாள், எந்த வாக்கியத்தில் வெளிச்சம் வந்தது என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுடைய மூலதனமே அந்த நினைவுதான். அது கரையும் மூலதனம் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இந்தத் துறையில் பெயர் பெற்றவர்களில் டெரெக் முல்லர் முக்கியமானவர். வெரிட்டாசியம் என்ற யூடியூப் அலைவரிசையை நடத்துபவர். அவர் காணொளி எடுக்க வருவதற்கு முன்பே, காணொளியால் இயற்பியல் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியை வைத்து சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, 2008இல் முடித்தார். மேலே எறிந்த பந்தின் மீது எந்தெந்த விசைகள் இயங்குகின்றன என்பதைத் தெளிவாக, அழகாக விளக்கும் காணொளியை மாணவர்களுக்குக் காட்டினார். "தெளிவாக இருக்கிறது, எளிதாகப் புரிகிறது" என்ற ரீதியில்தான் அவர்கள் சொன்னார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால், பார்ப்பதற்கு முன் 26க்கு 6 எடுத்தவர்கள் பார்த்த பின் எடுத்தது 6.3. பிறகு வேறொரு காணொளி. அதில் இருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர், பந்து மேலே போகும்போது கையின் விசை அதனுடன் கூடவே போகிறது என்று நம்மில் பெரும்பாலோர் நினைப்பதைச் சொல்கிறார், மற்றவர் அதை மெல்லப் பிரித்துக் காட்டுகிறார். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண்ணோ ஏறத்தாழ 11க்கு உயர்ந்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது, ஏற்கெனவே தலையில் இருக்கும் தவறான கருத்தை அது அசைப்பதே இல்லை. "ஆமாம், எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்" என்ற நிம்மதியுடன் பழைய பிழையை இன்னும் பத்திரமாக மூடி வைத்துக்கொள்கிறோம். பருவகாலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள், முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம் கேமராவின் முன் சில அடிப்படைக் கேள்விகள் கேட்டார்கள். கோடை ஏன் வெப்பமாக இருக்கிறது என்பது அதில் ஒன்று. 21 பேர் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்கு அருகில் போவதால் கோடை வருகிறது என்பதுதான் பலரின் விளக்கம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டர் விலகியிருப்பது ஜூலையில். அச்சின் சாய்வுதான் காரணம் என்ற வரி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, எல்லோரும் அதைப் படித்தவர்கள்தான். ஆனால் தூரம்தான் காரணம் என்ற எண்ணத்தை யாரும் அவர்கள் தலையிலிருந்து வெளியே எடுத்துப் போடவில்லை. நல்ல இளம் பேச்சாளர் செய்வது அந்த வேலை. நேற்று வரை தானும் அப்படித்தான் நினைத்ததால் அவருக்கு அது கைவருகிறது.

புகழ் எந்த நாளில், யார் மீது இறங்குகிறது என்பதை யாராலும் கணிக்க முடியாது. கணிக்க முடியும் என்று சொல்லி வகுப்பு நடத்துகிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் இறங்கிய இடங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: ஊருக்கே ஒரு கேள்வி எழும்போது, அதற்கான பதிலைச் சொல்லும் பழக்கம் ஏற்கெனவே கைவசம் உள்ளவர் அங்கே நிற்கிறார். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஜெர்மனியில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, இந்த ஊரடங்கு ஏன் ஈஸ்டரோடு முடியாது என்று மாய் தி நுயென்-கிம் என்ற வேதியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டே அரசின் உயரிய விருது வந்து சேர்ந்தது. திடீர்ப் புகழ் என்று தோன்றும். அதற்குள் அவர் முனைவர் பட்டம் முடித்து, பல ஆண்டுகளாகக் காணொளிகள் எடுத்துப் பழகியிருந்தார். கிராண்ட் சாண்டர்சன் கணிதத்துக்காக 2015இல் தொடங்கிய அலைவரிசைக்கு, படங்களை அசைக்கும் மென்பொருளைத் தானே எழுதிக்கொண்டார். பொறியியல் காணொளிகள் எடுக்கும் மார்க் ரோபர் ஒன்பது ஆண்டுகள் நாசாவில் வேலை பார்த்தவர். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தியில் அவர் கைவேலை இருக்கிறது.

தளத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபரில் யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றியது: எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை. சொடுக்க வைத்துவிட்டு ஏமாற்றும் காணொளிகளுக்கு அது அடி. கேள்வியைத் தொடக்கத்தில் போட்டுவிட்டு, விடையை நோக்கி ஒருவரைப் பதினைந்து நிமிடம் அழைத்துச் செல்லத் தெரிந்தவர்களுக்கு அது வரம். அறிவியல் பேச்சாளர்கள் அந்த வகை.

இனி, நம்பலாமா என்ற கேள்வி. இங்கேதான் அந்தக் கரையும் மூலதனத்துக்கு வருகிறேன். புகழ் வந்ததும் வாரம் ஒரு காணொளி என்று ஆகிவிடுகிறது. தனக்குப் பழக்கமான நான்கைந்து தலைப்புகள் நான்கைந்து மாதத்தில் தீர்ந்துபோகும். பிறகு மரபணு, கருந்துளை, மனநலம், பொருளாதாரம் என்று திங்கட்கிழமை படித்து வெள்ளிக்கிழமை பேச வேண்டிய நிலை. நுனிப்புல் மேய்வது என்பார்களே, அது அப்போதுதான் தொடங்குகிறது. எழுத்துப்பிரதியைப் படிக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிடும். தான் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்லும் வாக்கியங்கள் மறைந்து, "விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்" என்பவை பெருகும்.

ஒருமுறை ஓர் இளைஞர் விமானம் பறப்பது பற்றிய எழுத்துப்பிரதியை அனுப்பினார். இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று நீண்ட தூரம் போக வேண்டும், கீழே போகும் காற்றுடன் அதே நேரத்தில் மறுமுனையில் சேர வேண்டும், அதனால் வேகமாகப் போகிறது என்று எழுதியிருந்தார். பழைய, பிரபலமான பிழை. பிரிந்த காற்று மறுமுனையில் ஒன்றுசேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. அளந்து பார்த்தால் மேலே போகும் காற்று முந்திக்கொண்டே போய்ச் சேருகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது, அந்தக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதனால்தான் சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்க முடிகிறது. இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அசைபடம் எல்லாம் தயாராகிவிட்டது, நாளை காலை வெளியிட்டாக வேண்டும் என்று பதில் வந்தது. வெளியிட்டார். நன்றாகத்தான் ஓடியது. அவர் கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருந்தார். ஆனால் அச்சில் வந்த பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம். யூடியூப்பில் ஏற்றிவிட்ட காணொளியில் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாமே தவிர, அதே முகவரியில் புதிய காட்சியை மாற்றி வைக்க முடியாது.

எனவே ஒருவரை நம்பலாமா என்று பார்க்க நான் அவருடைய பட்டங்களைப் பார்ப்பதில்லை. பிழை நேர்ந்தபின் என்ன செய்தார் என்று தேடுகிறேன். யானைக்கும் அடி சறுக்கும். 2018 டிசம்பரில் மார்க் ரோபர், வாசலில் வைத்த பார்சலைத் திருடுகிறவர்கள் மீது மினுக்குத் தூளைக் கொட்டும் பெட்டி ஒன்றைச் செய்து படம் பிடித்தார், உலகமே சிரித்தது. அதில் சில திருட்டுகள் நடிப்பு என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பெட்டியை வைக்க உதவியவருக்குத் தெரிந்தவர்களே திருடர்களாக வந்திருந்தார்கள். ரோபர் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, சரிபார்க்காதது தன் பொறுப்பு என்று மன்னிப்புக் கேட்டார். ஜெர்மனியில் இயங்கும், அறிவியல் அசைபடக் காணொளிகள் எடுக்கும் குர்ட்ஸ்கெசாக்ட் குழு 2019இல் தன் பழைய காணொளிகள் இரண்டை, போதைக்கு அடிமையாவது பற்றிய ஒன்றையும் அகதிகள் பற்றிய ஒன்றையும், தரம் போதவில்லை என்று தானே நீக்கி, ஏன் நீக்கினோம் என்பதையும் ஒரு காணொளியாகவே சொன்னது. லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டதை அழிப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

எல்லாப் பிழையும் இப்படிக் கறுப்பு வெள்ளையாக இருப்பதில்லை. 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை மைனஸ் பன்னிரண்டில் ஒன்று என்று 2014 ஜனவரியில் நம்பர்ஃபைல் என்ற கணித அலைவரிசையில் இயற்பியலாளர்கள் இருவர் நிரூபித்துக் காட்டினார்கள். உலகெங்கும் பரவியது. கணிதக்காரர்கள் கொதித்தார்கள். ரீமான் ஜீட்டா சார்பு என்ற கணிதச் சார்புக்கு −1 என்ற இடத்தில் அந்த மதிப்பு உண்டு என்பது சரி, இயற்பியலில் அதற்குப் பயன் உண்டு என்பதும் சரி. ஆனால் சாதாரணப் பொருளில் அந்தக் கூட்டல் எல்லையின்றிப் பெருகிக்கொண்டே போகும், "சமம்" என்ற குறியை அங்கே போடும்போது அதன் பொருளை மாற்றிவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒரு வாக்கியத்தை விட்டதால்தான் காணொளி அப்படிப் பரவியது. அதனால்தான் அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வியப்பில் சிக்கி உண்மையான பகுப்பாய்வுக் கணிதம் பக்கம் போன மாணவர்களையும் சந்தித்திருக்கிறேன், ஆகவே முழுதாகத் திட்டவும் வரவில்லை.

மறுபக்கமும் நடக்கும். காற்று வீசும் திசையிலேயே காற்றைவிட வேகமாக ஓடும் காற்றாடி வண்டி ஒன்றில் முல்லர் ஏறி ஓட்டி, 2021இல் அதைக் காணொளியாக்கினார். சாத்தியமே இல்லை என்று இயற்பியல் பேராசிரியர் அலெக்ஸாண்டர் குசென்கோ 10,000 டாலர் பந்தயம் கட்டினார். வாதங்களும் சோதனைகளும் வந்தபின் பேராசிரியர் ஒப்புக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். வண்டியைத் தள்ளுவது காற்று மட்டுமல்ல. சக்கரம் சுழல்வதால் விசிறி சுழன்று காற்றைப் பின்னால் தள்ளுகிறது என்பதுதான் சூட்சுமம். இருவருமே நன்றாக நடந்துகொண்டார்கள் என்பேன், குறிப்பாகத் தோற்றவர்.

பெண் என்பதால் உங்கள் மகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எலிஸ் ஆண்ட்ரூ என்ற பிரிட்டன் மாணவி 2012 மார்ச்சில், உயிரியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், பொழுதுபோக்காக ஓர் அறிவியல் பேஸ்புக் பக்கம் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். 2013இல் அவர் தன் ட்விட்டர் கணக்கை அங்கே அறிவித்தபோது வந்த பெருவாரியான கருத்துரைகள், "அட, நீங்கள் பெண்ணா" என்ற ஒரே வியப்பு. (அவர் மீது நியாயமான குறையும் இருந்தது: பிறர் எடுத்த படங்களைப் பெயர் குறிப்பிடாமல் போட்டார் என்று படக்கலைஞர்கள் புகார் சொன்னார்கள்.) அருங்காட்சியகப் பொருட்களைப் பற்றிப் பேசும் எமிலி கிராஸ்லி, தன் உடல், உடை பற்றி வந்த கருத்துரைகளை அதே 2013 நவம்பரில் கேமராவின் முன் வாசித்துக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, இனோகா அமரசேகர, வில் கிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அறிவியல் காணொளிகளின் கீழ் இருந்த 23,000 கருத்துரைகளை ஆராய்ந்தார்கள். பெண்கள் தோன்றும் காணொளிகளில் குறைசொல்லும் கருத்துரைகளின் விகிதம் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. தோற்றத்தைப் பற்றியவையும் அதிகம். உங்கள் மகள் ஏற்கெனவே இதைப் பார்த்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். கருத்துரைகளை வடிகட்டும் வேலையை அவளைத் தவிர வேறு யாராவது செய்யட்டும்.

துறைக்குள்ளிருந்து வரும் முகச்சுளிப்பும் உண்டு. வானியலாளர் கார்ல் சாகன் நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர். 1992இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோனதற்காக அதே கழகம் 1994இல் அவருக்குப் பதக்கம் கொடுத்தது! இன்று நிலைமை மாறியிருக்கிறது; ஆனால் ஆய்வாளராகவும் வர விரும்பினால் உங்கள் மகள் இந்தச் சுளிப்பை எங்காவது சந்திப்பாள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆகவே சுருக்கமாக: விளம்பர வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், நிலையாக இருப்பவர்கள் பலர் ஸ்பான்சர்களையும் சந்தாக்களையும் நம்புகிறார்கள். ஒருவர் முகத்தில் நிற்கும் அலைவரிசைக்கு அந்த ஒருவரின் உடம்பும் ஒரு முதலீடு. இயற்பியல் காணொளிகளுக்குப் பெயர்பெற்ற டயானா கவர்ன் 2022இல் கோவிட் வந்து அதன் நீண்ட பின்விளைவில் படுத்த படுக்கையானபோது, புதிய அறிவியல் காணொளிகள் அங்கே நின்றுபோயின.

இப்போது மகளிடம் சொல்ல வேண்டியது. நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து, படிப்பையும் காணொளியையும் இரண்டையுமே. மூன்று லட்சம் பார்வை என்பது ஒரு காணொளிக்கு வந்த கூட்டம். அடுத்ததற்கு முந்நூறு பேர்கூட வரலாம், அப்போது அவளுக்கு வேறு தரை வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் நான் மேலே சொன்ன மூலதனம். வகுப்பறையும் ஆய்வகமும் இருக்கும்வரை அவள் ஏதோ ஒன்றில் வாரந்தோறும் தடுக்கி விழுந்துகொண்டே இருப்பாள். குவாண்டம் இயக்கவியல் பாடம் வரும் வருடம் அவளுக்கு எத்தனை காணொளிகள் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விலகிவிட்டால், மற்றவர்கள் காணொளியைப் பார்த்துக் காணொளி எடுக்கும் நிலைக்கு வந்துவிடுவாள்.

பட்டம் இல்லாமலே மைக்கேல் ஃபாரடே வரவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்கக்கூடும். இந்த வயதுப் பிள்ளைகள் நன்றாக வாதாடுவார்கள். வந்தார். புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக இருந்தவர், இருபது வயதில், 1812இல், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதை முந்நூறு பக்கம் அளவுக்கு எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டு லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறகு பல ஆண்டுகள் குடுவை கழுவி, கருவிகளைச் சுமந்து, பிறர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கவனித்தார். இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் அங்கே 1825இல் தொடங்கின. ஃபாரடே இளையோர் முன் அந்த வரிசையில் பேச நின்றபோது டேவியைக் கேட்டு பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் அவர் சொன்ன சொற்பொழிவுகள் இன்றும் பேசப்படுகின்றன.

நடைமுறையில், வாரம் ஒன்று வேண்டாம், மாதம் ஒன்று போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துப்பிரதியையும் இரண்டு பேர் படிக்கட்டும்: அந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியர் ஒருவர், அந்தப் பாடமே தெரியாத ஒருவர். ஆசிரியர் பிழையைக் கண்டுபிடிப்பார். தெரியாதவரை எதிரே உட்கார வைத்து அவளே வாசித்துக் காட்டட்டும், அவர் முகம் எந்த வரியில் சுருங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாமவராக நீங்களே உட்காரலாம். புரியாதபோது புரிந்ததாகத் தலையாட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; பெற்றோருக்கு அது கொஞ்சம் கடினம்.